இரட்டைக் குடியுரிமை என்றார்கள். கிடைத்தது ஓர் அட்டை

மும்பை: மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் அமெரிக்காவிலோ, கனடாவிலோ உறவினர் எவரும் இல்லாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாட்டுங்காவில் உள்ள வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியிலும், முன்பு யு.டி.சி.டி. என அழைக்கப்பட்ட வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்திலும் படித்துவிட்டு மேற்படிப்புக்காகக் கடல் கடந்தவர்கள் பலர். 1990-களில் கணினித் துறை அந்த ஒற்றையடிப் பாதையைப் பெருவழியாக்கியது. இக்குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: இந்தியக் குடியுரிமையை விடாமலேயே இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற இயலுமா?

இயலாது என்பதே சட்டத்தின் பதில். ஆனால் "இயலும்' என்ற தோற்றத்தை 20 ஆண்டுகளுக்கும் மேலாக தில்லி வளர்த்து வந்திருப்பதுதான் சிக்கல்.

1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவு தெளிவானது. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெறும் இந்தியர், அந்தக் கணமே இந்தியக் குடிமகன் என்ற தகுதியை இழக்கிறார். விண்ணப்பம், விசாரணை எதுவும் தேவையில்லை. வேறு நாட்டு பாஸ்போர்ட்டைப் பெற்றிருப்பதே இதற்கு முடிவான சான்று என்ற விதியை 1962-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்காமல் பெட்டியில் வைத்திருந்தால் குடியுரிமை தொடராது, அபராதம்தான் விதிக்கப்படும்.

2003-ம் ஆண்டு ஜனவரி 9-ம் தேதி, தில்லியில் நடந்த முதலாவது வெளிநாடுவாழ் இந்தியர் தின விழாவில் இரட்டைக் குடியுரிமை வழங்கப்படும் என்று அன்றைய பிரதமர் வாஜ்பாய் அறிவித்தார். எல்.எம். சிங்வி குழுவின் பரிந்துரையை ஏற்று வெளியான அறிவிப்பு அது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய திருத்தச் சட்டத்தின் அட்டவணையில் 16 நாடுகள் இடம்பெற்றன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து என வளமான நாடுகளே அதில் மிகுதி. கரும்புத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களின் சந்ததியினர் வாழும் மலேசியாவும், தென்னாப்பிரிக்காவும், மோரீஷஸும் அதில் இல்லை. டாலரும் பவுண்டும் வைத்திருப்போருக்கு மட்டும்தானா தாய்நாடு என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. 2005-ல் மீண்டும் சட்டம் திருத்தப்பட்டு, பாகிஸ்தான், வங்கதேசம் தவிர்த்த பிற நாட்டினருக்கும் வாய்ப்பு விரிவாக்கப்பட்டது. 2006 ஜனவரியில் ஹைதராபாதில் பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

சட்டம் தந்த பெயர் "கடல் கடந்த இந்தியக் குடிமகன்'. சுருக்கமாக ஓ.சி.ஐ. பெயரில் குடிமகன் இருந்தாரே தவிர, உரிமையில் இல்லை. வாக்களிக்க முடியாது; தேர்தலில் நிற்க முடியாது; பொதுவாக அரசுப் பணியில் சேர முடியாது. ஆயுள் முழுவதும் விசா இன்றி வந்து தங்கலாம், தொழில் செய்யலாம், செம்பூரில் அடுக்குமாடி வீடு வாங்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பூர்வீக வயல் வாரிசுரிமையாக வந்து சேரலாம். ஆனால், அதை ஒட்டிய ஒரு குழி நிலத்தைக்கூட விலைக்கு வாங்க இயலாது. 2015-ல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டபோது "ஓ.சி.ஐ. அட்டைதாரர்' என்று பெயரே மாறியது. இத்திட்டத்தின் வரலாற்றில் அரசு காட்டிய நேர்மை என்று இந்த ஒரு சொல்லைத்தான் குறிப்பிட வேண்டும்!

பெயரைவிடப் பெரிய குறை சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. எவை இல்லை என்பதைச் சட்டம் பட்டியலிடுகிறது. எவை உண்டு என்பதையோ, மத்திய அரசு அவ்வப்போது வெளியிடும் அரசிதழ் அறிவிக்கைக்கு விட்டுவிடுகிறது. அரசிதழ் கொடுத்ததை அரசிதழே எடுத்துக்கொள்ளலாம்.

2021 மார்ச் 4-ல் அதுவே நடந்தது. பெற்றோர் அமெரிக்காவில் பணியாற்றியபோது பிறந்து, கைக்குழந்தையாக மும்பை திரும்பி, இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் உண்டு. அவர்கள் கையில் அமெரிக்க பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும் இருக்கும். அதுவரை நீட், ஜே.இ.இ. தேர்வெழுதிப் பொது இடங்களுக்குப் போட்டியிட முடிந்த அவர்களுக்கு, இனி வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டு இடங்களும் கூடுதல் இடங்களும் மட்டுமே என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. கட்டணம் பன்மடங்கு. மாணவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். அறிவிக்கை வெளியாவதற்கு முன்பே அட்டை பெற்றோரின் பழைய உரிமை தொடரும் என்று 2023 பிப்ரவரி 3-ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு அட்டை பெற்ற குழந்தைகளுக்கு அப்பாதுகாப்பு இல்லை. அவர்கள் இன்னும் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள்.

அதே அறிவிக்கையின்படி ஆராய்ச்சி, இதழியல் பணிகளுக்கும் அட்டைதாரர்கள் முன் அனுமதி பெற வேண்டும். "கடல் கடந்த குடிமகன்' தன் ஊரைப் பற்றி எழுத உள்துறையிடம் அனுமதி கேட்பது விந்தைதான்.

இருந்தும் குடியுரிமையைத் துறப்போர் குறையவில்லை. 2022-ல் மட்டும் 2,25,620 பேர் துறந்ததாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இவர்களைத் தேசப்பற்று அற்றவர்கள் என்று ஏசுவது எளிது. ஆனால், அமெரிக்கச் சட்டப்படி, பெற்றோரை நிரந்தரமாகத் தம்மோடு வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. பச்சை அட்டைதாரருக்குக் கிடையாது. மாட்டுங்காவில் தனித்திருக்கும் முதிய தாயை அழைத்துக்கொள்ள, மகன் தாய்நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டியிருக்கிறது.

தாராவியின் கதை வேறு. நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் வேரூன்றிய குடும்பங்களின் இளைஞர்கள் பிழைப்புக்குச் செல்வது பெரும்பாலும் வளைகுடா நாடுகளுக்கு. எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்நாடுகள் அவர்களைக் குடிமக்களாக ஏற்பதில்லை. எனவே, அவர்களது இந்தியக் குடியுரிமைக்கு ஆபத்தில்லை. வாக்குரிமையும் 2010-ம் ஆண்டுத் திருத்தத்தால் கிடைத்தது. ஆனால் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தாக வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த வெளிநாடுவாழ் வாக்காளர்கள் சுமார் 1.2 லட்சம், வந்து வாக்களித்தோர் 3 ஆயிரத்தை எட்டவில்லை. பிரதிநிதி மூலம் வாக்களிக்க வகை செய்யும் மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, அடுத்த ஆண்டே காலாவதியானது. முழுக் குடிமகனின் நிலையே இதுவென்றால் அட்டைதாரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்பைக் காரணம் காட்டி இரட்டைக் குடியுரிமையை மறுப்போரின் வாதத்தை முற்றிலும் ஒதுக்க முடியாது. ஆனால், குடியுரிமையையும் ஆட்சிப் பதவியையும் பிரித்துப் பார்க்க வழியுண்டு. இலங்கை இரட்டைக் குடியுரிமை வழங்குகிறது. அத்தகையோர் நாடாளுமன்ற உறுப்பினராவதை 2015-ல் 19-வது திருத்தம் தடுத்தது. 2020-ல் 20-வது திருத்தம் அனுமதித்தது. 2022-ல் 21-வது திருத்தம் மீண்டும் தடுத்தது. இத்தனை இழுபறியிலும் இரட்டைக் குடியுரிமை ஒழிக்கப்படவில்லை.

நம் சட்டத்திலும் ஒரு சிறு சாளரம் உண்டு. அதை அறிந்தோர் குறைவு. வெளிநாட்டில் இந்தியப் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தையை, வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியுடன் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்தால், அது இந்தியக் குடிமகனாகிறது. பிறந்த நாட்டின் சட்டப்படி அங்கும் குடிமகனாக இருக்கலாம். 18 வயது நிரம்பிய 6 மாதங்களுக்குள் அந்நியக் குடியுரிமையைத் துறக்காவிட்டால்தான் இந்தியக் குடியுரிமை போகும் என்கிறது 4-வது பிரிவு. இரண்டு குடியுரிமைகள் ஒருவரிடம் இருப்பதை இந்தியச் சட்டமே பதினெட்டரை ஆண்டுகள் பொறுத்துக்கொள்கிறது. நடைமுறையில் பெற்றோர் பலரும் உடனே அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்து, ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பித்து, "இரட்டைக் குடியுரிமை' கிடைத்துவிட்டதாக மகிழ்கின்றனர். பிள்ளை பிளஸ் 2 முடிக்கும்போதுதான் அரசிதழைப் புரட்டுகின்றனர்.