தலை வலித்தால் முதலில் வண்டியை விட்டு இறங்குங்கள்

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று கிளம்பிவிடுவார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, ஏசி எல்லாம் வண்டிக்குள்ளேயே; மின்சாரத்துக்கு ஜெனரேட்டர். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மூர் அப்பா அம்மாக்களும் சில சமயம் கூடப் போகிறார்கள். மறுநாள் காலை ஒருவருக்குத் தலை வலிக்கும், குமட்டும். அலைச்சல் என்று தைலத்தைத் தேடுவோம். தைலம் இருக்கட்டும், ஜெனரேட்டர் ஓடுகிறதா, பாருங்கள்.

மூக்குக்குத் தெரியாத நஞ்சு

ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இதைத்தான் இறுகப் பற்றும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, குழப்பம் எல்லாம் காய்ச்சல் இல்லாத ஃப்ளூ போல வரும். வண்டியில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம். தூங்குகிறவருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல்முனை ஆக்சிமீட்டரை இங்கே நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. ஆள் மயங்கிக் கிடந்தாலும் 98 காட்டும். எல்லோரும் வெளியே இறங்கி 911-ஐ அழையுங்கள். ரத்தத்தில் ஏறிய நஞ்சு பாதியாகக் குறைய, சாதாரணக் காற்றில் 4 முதல் 5 மணி நேரம் ஆகும். தூய ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம் போதும். காற்றாட உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது என்பது இதனால்தான்.

இருபது அடி

தனியாக எடுத்து வைக்கும் ஜெனரேட்டர் வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி இருக்க வேண்டும்; அதன் புகை, வண்டி இல்லாத திசையில் போக வேண்டும். வண்டியோடு பொருத்தியதென்றால் புகைக்குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பயணத்துக்கு முன்பே பாருங்கள். எதுவானாலும் அதை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். நீங்கள் அணைத்துவிட்டாலும் பக்கத்து வண்டிக்காரர் ஓட்டிக்கொண்டிருக்கலாம், அந்தப் புகை உங்கள் ஜன்னலைத் தேடி வரும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். அதற்கும் காலாவதித் தேதி உண்டு.

கரை மின்சாரம்

முகாம் மைதானத்துக் கம்பத்திலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கு 'ஷோர் பவர்' என்று பெயர். துறைமுகத்தில் கட்டிய கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்த வழக்கத்தில் வந்தது. புகை இல்லை, ஆனால் ஷாக் உண்டு. 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் வரைதான் தாங்கும். ஏசி ஓடும்போது மைக்ரோவேவும் ஹேர் டிரையரும் போட்டால் பிரேக்கர் விழும். விழுந்தால் விழட்டும், அது காப்பாற்றத்தான் இருக்கிறது. கம்பத்துப் பிரேக்கரை அணைத்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள்.

பயப்பட வேண்டியது எர்த் இணைப்பு அறுந்த கம்பத்துக்கு. நம்மூரில் மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டுச் சொருகும் துணிச்சல்காரர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே அதே நிலைமை நமக்குத் தெரியாமலே அமைந்துவிடும். உள்ளே எங்காவது மின்கசிவு இருந்தால் வண்டியின் உலோக உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். ரப்பர் டயர் மேல் நிற்பதால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏரியில் குளித்துவிட்டு ஈரப் புல்லில் வெறுங்காலோடு வந்து கதவுப் பிடியைத் தொடும் குழந்தைக்குத்தான் முதலில் தெரியும்.