ஐந்நூற்றின் அபிமானிகள்

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையிலே, லிகூரியா மாகாணத்தில், அல்பெங்கா என்னும் புராதன நகரத்துக்குப் பின்புறமாக, ஒலிவ மரங்கள் செறிந்த மலைச்சரிவுகளுக்கு நடுவே கார்லெண்டா என்றொரு கிராமம் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் ஜனங்களே வசிக்கும் அந்தச் சிற்றூரின் தெருக்களையும் மைதானங்களையும், ஒவ்வோராண்டும் ஜூலை மாதத்தில், இத்தாலியின் நாலா திசைகளிலிருந்தும் அயல் தேசங்களிலிருந்தும் வந்து சேரும் மோட்டார் வண்டிகள் நிறைத்துவிடுகின்றன. அவை பந்தயத்துக்கென்று செய்த வண்டிகள் அல்ல. சீமான்கள் ஏறிச் செல்லும் ஆடம்பரக் கார்களும் அல்ல. மூன்று மீட்டர் நீளங்கூட நிரம்பாத, பின்புறத்தில் எஞ்சினும் தலைக்கு மேலே துணிக் கூரையும் கொண்ட, ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் தவணை கட்டி வாங்கிய பியட் 500 என்னும் சிறு கார்களே அவை.

இவற்றை ஒன்றுகூட்டும் ஸ்தாபனத்துக்கு 'பியட் 500 கிளப் இத்தாலியா' என்று பெயர். 1984-ஆம் ஆண்டில் இதே கார்லெண்டாவில், சில நண்பர்களின் உற்சாகத்தில் பிறந்த இந்தச் சங்கம், இன்று இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர்களைக் கொண்டு, ஒரே மாதிரிக் காருக்கென ஏற்பட்ட சங்கங்களுள் உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக விளங்குகிறது. தலைமை அலுவலகம் இன்னமும் அந்தக் கிராமத்தில்தான் இருக்கிறது. மிலனுக்கோ ரோமாபுரிக்கோ அது குடிபெயரவில்லை. விலை உயர்ந்த பொருளைப் பேணுவதற்கு ஆட்கள் எங்கும் கிடைப்பார்கள். அதன் விலையே அதற்குக் காவல். சாமானிய மனிதன் உபயோகித்துத் தேய்த்துவிட்ட ஒரு பொருளை நாட்டின் செல்வமாக மதித்துக் காப்பதற்கு வேறொரு வகையான அன்பு வேண்டும். இந்தச் சங்கத்தின் காரியங்களை நான் ஆர்வத்தோடு கவனித்து வருவதற்கு அந்த அன்புதான் காரணம்.

காரின் கதையைச் சிறிது அறிந்தால்தான் சங்கத்தின் கதை விளங்கும். யுத்தத்தில் நொறுங்கிப்போன இத்தாலி மெல்ல எழுந்து நின்ற 1950-களில், குடும்பத்தோடு வெளியே போக விரும்பியவனுக்குக் கிடைத்த வாகனம் வெஸ்பா அல்லது லாம்பிரெட்டா ஸ்கூட்டர். முன்னால் ஒரு குழந்தை நிற்க, பின்னால் மனைவி இன்னொரு குழந்தையை அணைத்துக்கொண்டு உட்கார, மழையிலும் பனியிலும் நனைந்தபடியே பிரயாணம் செய்த அந்த ஜனங்களுக்கு நான்கு சக்கரமும் ஒரு கூரையும் தரவேண்டும் என்பதே டூரின் நகரத்துப் பியட் கம்பெனியாரின் எண்ணம். 1905-ல் பிறந்து 1996-ல் மறைந்த தாந்தே ஜாக்கோசா என்ற எஞ்சினீயர், முப்பது வயதை ஒட்டிய பருவத்திலேயே, 1936-ல் வெளிவந்த 'டோப்போலினோ' என்னும் சிறு காரையும், பிறகு 1955-ல் பியட் 600-ஐயும் அமைத்துப் பெயர் பெற்றவர். அவருடைய மேற்பார்வையில் உருவாகி, 1957-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி டூரினில் வெளியிடப்பட்டதுதான் 500.

முதலில் அதை ஜனங்கள் ஆவலோடு ஏற்றுக்கொள்ளவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 490,000 லீரா விலையிட்ட அந்தக் காரில் உண்மையில் இரண்டு பேருக்குத்தான் ஆசனம். பின்னால் இருந்தது சாமான் வைக்கும் இடம். கதவுக் கண்ணாடிகள் இறங்கமாட்டா. 479 சி.சி. கொள்ளளவும் இரண்டே சிலிண்டரும் கொண்ட எஞ்சினின் சக்தி 13 குதிரைசக்தி மாத்திரமே. இவ்வளவு பணம் கொடுத்து இவ்வளவு குறைந்த வசதியைப் பெறுவானேன் என்று ஸ்கூட்டர்க்காரன் தயங்கினான். கம்பெனியார் அந்தத் தயக்கத்தின் நியாயத்தை உணர்ந்து, சில மாதங்களுக்குள்ளேயே எஞ்சினுக்குச் சக்தியைக் கூட்டி, கண்ணாடிகளை இறக்க வசதி செய்து, பின்னால் ஆட்கள் உட்கார இடம் கொடுத்து, எளிய ரகத்தின் விலையை 465,000 லீராவாகக் குறைத்ததோடு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு 25,000 லீராவைத் திருப்பியும் கொடுத்தார்கள். வியாபார சரித்திரத்தில் இப்படிப்பட்ட நேர்மை அடிக்கடி காணக்கூடியது அல்ல. அதன் பிறகு விற்பனை பெருகிற்று. 1959-ல் இத்தாலியின் வடிவமைப்புத் துறையில் மிக உயர்ந்ததான 'பொற் கவராயம்' என்னும் பரிசு இதற்குக் கிடைத்தது. 1964-ல் மிலனையும் நேப்பிள்ஸையும் இணைத்த பெருஞ்சாலை பூர்த்தியானபோது, அந்தச் சாலையில் கடலைத் தேடித் தெற்கே சென்ற குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சிறு காரில்தான் சென்றன. 1975-ல் சிஸிலித் தீவின் தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளிவந்தபோது, மொத்தம் ஏறக்குறைய 39 லட்சம் வண்டிகள் உற்பத்தியாகியிருந்தன.

அமைப்பிலே இந்தக் காரில் வீண் என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றுமில்லை. எஞ்சினைக் குளிர்விப்பது காற்றே ஆதலால், தண்ணீரும் ரேடியேட்டரும் இல்லை. எனவே தண்ணீர் கொதித்து வழிமறிக்கும் தொல்லையும் இல்லை. துணிக் கூரையால் விலையுயர்ந்த இரும்புத் தகடு மிச்சமாயிற்று. கோடையில் அதைச் சுருட்டிவிட்டால் ஆகாயமே கூரையாகிவிடும். 1960-ல் வந்த 'ஜார்தினியேரா' என்னும் நீண்ட ரகத்தில், எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அதன் மேலே சாமான் ஏற்றும் சமதளத்தை அமைத்த சாமர்த்தியம் இன்றைக்கும் எஞ்சினீயர்களைத் தலையசைக்க வைக்கிறது. ஆரம்பத்தில் பின்பக்கக் கீலில் திறந்த கதவுகள் 1965-ல் வந்த எப் ரகத்திலே முன்பக்கக் கீலுக்கு மாறின. அந்த எப் ரகத்தைச் சேர்ந்த வண்டி ஒன்றைத்தான் 2017-ல் நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலை தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

காட்சிசாலையில் இடம் பெற்றது பெருமைதான். ஆனால் கார்லெண்டாச் சங்கத்தார் அதிகமாக மதிப்பது ஓடுகிற வண்டியையே. அவர்களும் கிராமத்தில் ஜாக்கோசாவின் பெயரால் ஒரு காட்சிசாலையை நிறுவி, படமும் ஒலியுமாக 500-ன் கதையைச் சொல்லுகிறார்கள். எனினும் சங்கத்தின் உயிர் நாடி வீதியிலேதான் இருக்கிறது. வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் முடியும் வரையில், ஞாயிற்றுக்கிழமைதோறும் இத்தாலியில் எங்கேயாவது ஓர் ஊரில் 500-களின் கூட்டம் நடக்கிறது. ஜில்லாக்கள்தோறும் இருக்கும் சங்கப் பிரதிநிதிகள், உள்ளூர் முனிசிபாலிட்டியோடு பேசி, வண்டிகளை நிறுத்தச் சதுக்கத்தைக் கேட்டு வாங்கி, மலைப் பாதை வழியாக ஊர்வலத்துக்கு மார்க்கம் வகுத்து, மத்தியானப் போஜனத்துக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். பெருஞ்சாலையை விட்டு விலகிய சிற்றூர்களுக்கே இத்தகைய ஊர்வலங்கள் பெரும்பாலும் போகின்றன. சிறிய எஞ்சினும் குறுகிய பாதையும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்துகின்றன. உல்லாசப் பிரயாணிகள் எட்டிப்பாராத அந்த ஊர்களின் கடைக்காரர்களுக்கும் அன்று நல்ல வியாபாரம். ஐ.நா. குழந்தைகள் நிதியான யூனிசெப்பின் இத்தாலியக் கிளையோடு சங்கம் நெடுங்காலமாகச் சேர்ந்து உழைத்து, இப்படிப்பட்ட கூட்டங்களில் குழந்தைகளுக்காகப் பணம் திரட்டியும் கொடுக்கிறது.

'நான்கு சிறு சக்கரங்கள்' என்ற பொருளுள்ள பெயரோடு சங்கத்தார் ஒரு பத்திரிகையும் நடத்துகிறார்கள். நடந்த கூட்டங்களும், வரப்போகும் கூட்டங்களும், பழுது பார்க்கும் விவரங்களும் இத்தகைய பத்திரிகைக்கு இயல்பான விஷயங்கள். இதை வெறும் சமாசாரத் தாளாக நான் கருதவில்லை. பழைய கார் ஒன்றைக் காப்பதற்குப் பணத்தைக் காட்டிலும் அறிவே அதிகம் தேவைப்படுகிறது. அந்த அறிவோ கிழவர்களின் கையில் இருக்கிறது. அதில் ஒரு பங்கையாவது மற்றவர்களிடம் சேர்க்கும் கருவி இந்தப் பத்திரிகை.

ஓட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்தக் காரின் கியர்ப் பெட்டியில், பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே சமன்படுத்தும் தற்கால அமைப்பு கிடையாது. மேட்டில் ஏறும்போது கியரைக் குறைக்க வேண்டுமானால், கிளட்சை அழுத்தி, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தரம் மிதித்து எஞ்சினின் வேகத்தை ஏற்றி, மறுபடி கிளட்சை அழுத்திக் கீழ்க் கியரில் போடவேண்டும். இத்தனையும் ஒரு கணத்தில் நடக்க வேண்டும். தவறினால் பற்கள் உரசி அலறும். ஆசனங்களுக்கு நடுவே தரையில் இரண்டு சிறு கம்பிகள் இருக்கும். ஒன்று குளிர்ந்த எஞ்சினுக்கு அதிகப் பெட்ரோலைக் கொடுப்பது, மற்றது எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவது. நீச்சலைப் போலவே இந்த வித்தையும் புத்தகத்தால் வருவதில்லை. தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பட்டறை வேலையும் அப்படியே. தரைத் தகடும் கதவுக்குக் கீழுள்ள சட்டமும் துருப்பிடித்து உதிரும்போது, எந்த இடத்தில் வெட்டி எப்படிப் பற்றவைத்தால் வண்டி கோணாமல் நிற்கும் என்பது, நாற்பது வருஷம் டிங்கரிங் செய்தவருக்கே கைவரும் ஞானம். தகடுகளும் உதிரி பாகங்களும் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அவற்றைப் பொருத்தும் கைகளை அப்படிச் செய்து விற்க முடியாது. ஆகவே கிழ மெக்கானிக்கையும் கல்லூரி மாணவனையும் ஒரே வண்டியின் கீழே படுக்கவைக்கும் கூட்டுறவுதான் இந்தச் சங்கம் செய்கிற காரியங்களில் தலையாயது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

சட்ட சம்பந்தமான வேலைகளும் உண்டு. 1997-ல் இத்தாலிய அரசாங்கம், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கார்களை உடைக்கக் கொடுத்துப் புதிய கார் வாங்குவோருக்கு மானியம் அளித்தபோது, ஓடத் தகுதியுள்ள பழைய வண்டிகள் உடைப்புக் கிடங்குகளுக்குப் போயின. அத்தகைய வண்டிகளுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் உண்டு. பழைய வாகனத்தைச் சரித்திரச் சின்னமாக அங்கீகரிக்கும் உரிமை அந்நாட்டு வாகனச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி ஐந்து பதிவேடுகளுக்கு இருக்கிறது. அவற்றுள் 1966-ல் தோன்றிய ஆசி என்னும் சம்மேளனம் ஒன்று. கார்லெண்டாச் சங்கம் அதனோடு இணைந்தது. அங்கத்தினர் தம் வண்டியின் புகைப்படங்களையும் பத்திரங்களையும் சங்கத்தின் மூலம் அனுப்பி, பரிசீலனைக்குப் பின் சான்றிதழ் பெறுகிறார்கள். அசல் நிலையில் குறையின்றி இருக்கும் வண்டிக்கு, நிபுணர் குழு நேரில் சோதித்துப் பொன்னிறத் தகடு ஒன்றும் வழங்குகிறது. முப்பது வயது நிறைந்த வண்டிக்கு வருஷாந்தர வரி இல்லை. வீதியில் ஓட்டும் ஆண்டுக்கு மட்டும் ஒரு சிறு கட்டணம். புகையைக் குறைக்கும் பொருட்டு நகரங்கள் பழைய வண்டிகளை உள்ளே விட மறுக்கும் இக்காலத்தில், அந்தச் சான்றிதழ் சில இடங்களில் சலுகையும் பெற்றுத் தருகிறது.

நம்பர்ப் பலகை விஷயமும் இத்தகையதே. அக்காலத்தில் கறுப்புப் பலகையில் ஜில்லாவைக் குறிக்கும் இரண்டெழுத்து வெள்ளையாகத் தெரியும், சவோனாவுக்கு எஸ்.வி., நேப்பிள்ஸுக்கு என்.ஏ., ரோமாபுரிக்கு மாத்திரம் முழுப் பெயர். வண்டி எந்த ஊரில் பிறந்து வளர்ந்தது என்பதை அந்த இரண்டெழுத்தே சொல்லிவிடும். வேறு ஜில்லாவில் மறுபதிவு செய்யப்பட்ட வண்டிகள் அந்த அடையாளத்தை இழந்துவிட்டன. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேறிய வரவு செலவுச் சட்டம், சரித்திர வாகனங்களுக்குப் பழைய பலகையைத் திரும்பப் பெற வழி செய்தபோது, பழைய கார் அபிமானிகளுக்கு உண்டான ஆனந்தத்தை என்னால் உணர முடிகிறது.

நமக்கும் இந்தப் பியட் குடும்பத்தோடு ஒரு சொந்தம் உண்டு. சென்னை வீதிகளில் அரை நூற்றாண்டு ஓடி, நம் ஜனங்கள் வெறுமே 'பியட்' என்று அழைத்து வந்த கார், 1953-ல் வெளிவந்த பியட் 1100-ன் வழி வந்தது. பம்பாயில் பிரீமியர் கம்பெனியார் உற்பத்தி செய்த அதற்கு 1970-களில் பத்மினி என்ற பெயர் ஏற்பட்டது. 1100-ஐ அமைத்தவரும் அதே ஜாக்கோசாதான்.

இப்போது இத்தாலியில் நடக்கும் விவாதம் மின்சாரத்தைப் பற்றியது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, மின்சார மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி, பழைய காரை வீதியில் ஓட்ட 2015-ஆம் ஆண்டின் அரசாங்க ஆணை ஒன்று அனுமதித்தது. 500-ஐ அப்படி மாற்றித் தரும் பட்டறைகளும் தோன்றியிருக்கின்றன. உடைத்துப்போடுவதைவிட அது மேல் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நகரத்துக்குள்ளே தினந்தோறும் வேலைக்குப் போகிறவனுக்கு அந்த வண்டி சௌகரியமாகவும் இருக்கலாம். எனினும், இரண்டு சிலிண்டர்களின் அந்தப் படபடப்பும், மேட்டில் கியரைக் குறைக்கும் அந்தக் கைவேலையும் போய்விட்ட பின்பு எஞ்சுவது 500-ன் உருவம் மாத்திரமே என்று கருதுகிறவர்களின் கட்சியில்தான் நான் சேருவேன். மாற்றித்தான் தீரவேண்டும் என்பவர்கள், கழற்றிய எஞ்சினை எடைக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் பூசி, துணி சுற்றி வீட்டிலே வைத்திருக்கட்டும். பேரப் பிள்ளைகளில் ஒருவன் அதைத் திரும்பவும் பொருத்த விரும்பினால், சொல்லிக் கொடுக்க ஆட்கள் கார்லெண்டாவில் இருப்பார்கள்.