பம்பர் பொய் சொல்லும்
பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் வயதைக் கண்டுபிடிப்பது துப்பறியும் வேலை. அதில் சட்டமும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட அந்தமான் தலைநகரில் இருக்கிறது மரைன் ஹில். அந்த மேட்டில் ஏறும் எந்தக் காரும் கப்பலில் வந்ததுதான். அங்கே ஒரு பழைய எம்ஜிபி வந்து நின்றால் எழும் முதல் கேள்வி: இது எந்த வருடத்து வண்டி?

வெறும் ரசிகர் சண்டையல்ல இது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த சொந்த உபயோகக் கார் 'விண்டேஜ்'. இறக்குமதியான கார்களுக்கும் இதே கணக்குதான். கட்டணம் ரூ. 20,000. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தமானில் பதிவானால் எண் 'ஏஎன் விஏ' என்று தொடங்கும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். தினசரி ஆபீசுக்கு ஓட்ட முடியாது.

சிக்கல் வயதில்தான். இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி கார்கள் 5 லட்சத்துக்கும் அதிகம். தோற்றம் பெரிதாக மாறவில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974இன் பிற்பகுதியில் குரோமியம் பம்பர் போய், கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. ஆனால் மவுசு குரோமியத்துக்குத்தான். அதனால் பிற்காலக் கார்களில் பழைய பாணி பம்பரை மாட்டுபவர்கள் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் இருக்கைக்குப் பின்னால் பார்ப்பார்கள்: 6 வோல்ட் பேட்டரி இரண்டுக்கு இடமிருந்தால் பழையது, 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு மட்டுமென்றால் பிந்தையது.

நம்பகமான சாட்சி சேசிஸ் எண். திறந்த எம்ஜிபியில் அது 'ஜிஹெச்என்3' என்று தொடங்கினால் 1967 வரையிலான கார். 'ஜிஹெச்என்4' அடுத்த இரண்டு ஆண்டுகள். 'ஜிஹெச்என்5' 1969இன் பிற்பகுதி முதல். உப்புக் காற்று தகட்டை அரித்திருந்தாலும், எண் மட்டும் படிக்க முடிந்தால் போதும். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தயாரிப்புப் பதிவேடுகளைப் பார்த்து, கார் உருவான தேதியையும் முதல் நிறத்தையும் சான்றிதழாகவே தருகிறது.

அப்போதும் கணக்கு முடிவதில்லை. 1969 நவம்பரில் தயாரான கார் '1970 மாடல்'. ஷோரூமில் தேங்கி நின்றிருந்தால் ஆர்சி புத்தகத்தில் 1971. மூன்றுமே உண்மை. சட்டம் பார்ப்பது கடைசியை மட்டும். 1974இல் பிறந்து 1976இல் பதிவான காருக்கு 50 வயது நிறைவது 2026இல்தான். கெய்டன் சான்றிதழைவிடப் பழைய ஆர்சி புத்தகத்தைத்தான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.