பாரத்தைக் கண்டு தயங்குவது மனமா, நரம்பா?

மேல்சித்தாமூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: செஞ்சியில் ஜிம்முக்குப் போகிறேன், 80 கிலோ ஸ்குவாட்டை ஐந்து முறை சிரமமில்லாமல் போடுகிறேன், 85 ஏற்றினால் ராடு தோளில் உட்காரும்போதே கால் தளர்ந்துவிடுகிறது, மனதைத் திடப்படுத்த வழி உண்டா? யூடியூபில் இதற்குத் தயாராக ஒரு பதில் கிடைக்கும்: மனிதன் தன் பலத்தில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை, பயத்தை உதறினால் மீதியும் வெளியே வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. 1954-ல் இங்கிலாந்தில் மெர்ட்டன் என்ற ஆய்வாளர் இதை நேராகவே சோதித்தார். கட்டைவிரலை உள்ளே இழுக்கும் தசையை முழு பலத்தோடு இறுக்கச் சொல்லி, அதே நேரத்தில் அதன் நரம்பில் மின்துடிப்பு கொடுத்தார். பலம் மிச்சமிருந்தால் விசை எகிற வேண்டும். அநேகமாக எதுவும் கூடவில்லை.

ஆனால் பயத்தால் பலம் குறைவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1961-ல் இக்காய், ஸ்டைன்ஹவுஸ் இருவரும் நடத்திய சோதனையில், உரக்கக் கத்திக்கொண்டே கையை மடக்கியவர்களின் விசை சுமார் 12 சதவீதம் கூடியது. 1979-ல் நெஸ், பாட்டன் இருவரும் பாரம் தூக்குவோரிடம் எடையைக் குறைத்துச் சொன்னபோது, அவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் தூக்கினார்கள். கட்டைவிரலில் மிச்சமில்லாத பலம் இங்கே எங்கிருந்து வந்தது? ஒற்றைத் தசையை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. ஒரு மூட்டைச் சுற்றி எதிரும் புதிருமாக இழுக்கும் தசைகளின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சித்தாமூரில் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நரம்பணுக்கள் தசைநார்களை வேலைக்கு அழைக்க ஒரு வரிசை உண்டு என்று ஹென்னமன் 1960-களில் நிறுவினார்: சிறியவை முதலில், பெரியவை கடைசியில். தேரிலும் அப்படித்தான். சமதளத்தில் சிறுவர்களும் பெரியவர்களும் வடம் பிடித்தாலே தேர் நகரும். மேட்டில் ஏறும்போதுதான் ஓரமாக நிற்கும் இளவட்டங்கள் கை போடுவார்கள். இது பாதிக் கதை. மீதிப் பாதி, சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கிறவர்களிடம் இருக்கிறது. பழகிய தெருவில் கட்டையைச் சும்மா பிடித்துக்கொண்டு வருவார்கள். பழகாத திருப்பத்தில் பாதியைச் சக்கரத்துக்கு அடியில் செருகிவிடுவார்கள். வடம் பிடித்தவர்கள் முழு மூச்சாக இழுத்தும் தேர் அசையாது. பாரம் கூடிவிட்டது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். கட்டை போட்டவரைத் திட்டிப் பயனில்லை. அவர் இல்லையென்றால் தேர் எதிர்வீட்டுத் திண்ணையில் ஏறி நிற்கும்.

உடம்பில் இந்த முட்டுக்கட்டை, எதிர்த்தசையின் இறுக்கம். முழங்காலை நீட்ட முன்தொடைத் தசை இழுக்கும்போது, மூட்டு நிலைகுலையாமலிருக்கப் பின்தொடைத் தசையும் ஓரளவு எதிரே இறுகும். பழகாத வேலையில் அந்த இறுக்கம் கூடுதலாகவே இருக்கும். 1992-ல் கனடாவில் கரோலன், கஃபரெல்லி இருவரும் ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எதிர் இழுப்பு முதல் வாரத்திலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இன்னும் அருமையான செய்தி, பயிற்சியே பெறாத மறுகாலிலும் அது ஓரளவு குறைந்தது. ஆகவே மாற்றம் நிகழ்ந்த இடம் நரம்பு மண்டலம். ஒரு வாரத்தில் தசை வளர்ந்துவிடாது. இந்தப் பாரம் ஆபத்தில்லை என்ற தகவல் போய்ச் சேர ஒரு வாரம் போதும்.

அப்படியானால் கத்தியே தூக்கிவிடலாமே என்று கேட்கலாம். கத்தும்போது கூடும் விசை அந்த ஒரு முயற்சியோடு சரி. பாரத்தோடு பழக்கம் உண்டாக்காது. எடையைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றவும் வழியில்லை, பிளேட்டை மாட்டுவதே நாம்தானே. செய்யக்கூடியது, முட்டுக்கட்டைக்காரர் திடுக்கிடாத அளவுக்குப் பாரத்தைக் கூட்டுவது. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்நாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அந்த உயரத்தில்கூட விதிப்படி ஒரு கிலோவாகக் கூட்டலாம்; 2005-க்கு முன் அது இரண்டரை கிலோ. நம் ஊர் ஜிம்கள் பலவற்றில் கிடைக்கும் மிகச் சிறிய பிளேட்டே இரண்டரை கிலோதான். இரு பக்கமும் மாட்டினால் ஐந்து கிலோ ஏறிவிடும். 80 கிலோவுக்கு அது ஆறு சதவீதத்துக்கு மேல். 40 கிலோ பெஞ்ச் பிரஸ் போடுகிறவருக்குப் பன்னிரண்டரை சதவீதம். இவ்வளவு பெரிய தாவலுக்கு உடம்பு தயங்குவதைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். ஒண்ணேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கி வைக்கும்படி மாஸ்டரைக் கேளுங்கள். விலை ஒரு டப்பா புரோட்டீன் பவுடருக்கு வெகு கீழே.

தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களுக்கு இந்தப் படிகள் கைவந்தவை. வெவ்வேறு எடையில் கற்கள் இருந்தன. முழங்கால், நெஞ்சு, தோள் என்று ஒவ்வொரு நிலையாக ஏற்றினார்கள். முடியாதபோது மண்ணில் போட்டுவிட்டு விலகினார்கள். ஜிம்மில் பலரும் பழகாதது அந்தக் கடைசிக் காரியம்தான். சேஃப்டி பாரைச் சரியான உயரத்தில் பொருத்தி, லேசான எடையோடு வேண்டுமென்றே உட்கார்ந்து, ராடை அதன்மேல் விட்டுவிட்டு வெளியே வரப் பழகுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் தலைமாட்டில் ஓர் ஆள் இல்லாமல் புது எடைக்குப் போகாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பயத்தின் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. மூச்சைப் பிடித்துப் பெரும்பாரம் தள்ளும்போது இரத்த அழுத்தம் எகிறும். 1985-ல் நடந்த ஓர் ஆய்வில் லெக் பிரஸ் செய்த உடற்பயிற்சியாளர்களின் சராசரியே 320/250-ஐத் தொட்டது. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள், மூட்டில் கூர்மையாக வலிக்கிறவர்கள், 85 கிலோவுக்குப் போகுமுன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.