அலைகடலும் அபாய வானொலியும்

காற்றை ஏவல் கொள்ள மனிதன் கற்றுக்கொண்டது இன்று நேற்றன்று. பாய் விரித்துக் கலம் செலுத்தினான், காற்றாலை கட்டி மாவரைத்தான், நீர் இறைத்தான். இப்போது பெரியதொரு பட்டத்தை வானில் ஏற்றி, அது தன்னை இழுக்க, சிறு பலகையின்மேல் நின்று அலைகளின்மீது விரைகிறான். 'கைட்போர்டிங்' என்று உலகம் அழைக்கும் இதனை இக்கட்டுரையில் 'பட்டச் சறுக்கு' என்று வழங்குகிறேன்.

இராமேசுவரத்தை அடுத்த கடற்கரைகளில் இன்று இது கற்பிக்கப்படுகிறது. விடுமுறையில் சென்று பழகிவர விரும்பும் நண்பர்கள் நம் மன்றத்திலும் இருக்கின்றனர். மேற்படிப்புக்காக அயல்நாடு செல்வோர் அங்கே இதில் ஈடுபடுவதும் உண்டு. விளையாட்டின் இன்பத்தை எழுதப் பலர் உளர். மின்னணுவியல் பயில்பவன் என்ற முறையில், இதற்குரிய காப்புக் கருவிகளையும், ஆபத்தில் உதவி கேட்கும் வானொலிகளையும் பற்றி எழுதவே நான் விரும்புகிறேன்.

பட்டத்தின் விசை

இன்று வழக்கிலுள்ள பட்டத்துக்கு வழி வகுத்தவர்கள், பிரான்சு நாட்டின் பிரித்தானிக் கரையைச் சேர்ந்த தொமினிக், புரூனோ லெகெய்னூ என்னும் சகோதரர்கள். காற்றடைத்த குழல்களைச் சட்டமாகக் கொண்ட பட்டத்துக்கு 1984 இல் அவர்கள் காப்புரிமை கோரினர். அது நீரில் விழுந்தாலும் மூழ்காது, மீண்டும் எழுப்பலாம். ஏறத்தாழ 20 முதல் 25 மீட்டர் நீளமுள்ள கயிறுகள் அதனை ஒரு பிடிகோலோடு இணைக்கும். பிடிகோல், சறுக்குபவரின் இடைக்கச்சையோடு இணைந்திருக்கும். ஆகவே பட்டம் இழுப்பது கையையன்று, உடல் முழுவதையும்.

இங்கே ஓர் இயற்பியல் உண்மையை நினைவிற் கொள்ள வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். அமைதியாக இழுத்துக் கொண்டிருந்த பட்டம், ஒரு வன்காற்று வந்த நொடியில், ஆளைத் தூக்கி எறியும் பட்டமாகி விடுகிறது.

ஒரு நீரிணையின் கதை

ஆபத்து எவ்வாறு வருகிறது என்பதை விளக்க ஓரிடத்தை எடுத்துக் கொள்வோம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவையும் பசிபிக் பெருங்கடலையும் இணைப்பது 'கோல்டன் கேட்' எனப்படும் பொன்வாயில் நீரிணை. 1937 இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற தொங்கு பாலம் அதன் குறுக்கே நிற்கிறது. பாலத்துக்குக் கிழக்கே, நகரத்துப் பக்கமாக உள்ள கிரிசி ஃபீல்டு என்னும் கடற்கரையிலிருந்து பட்டச் சறுக்கர்கள் புறப்படுகின்றனர்.

கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் காய்கிறது. கடலோ குளிர்ந்து கிடக்கிறது. சூடான காற்று மேலெழ, கடற்காற்று அந்தக் குறுகிய வாயில் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வருகிறது. சறுக்குவோருக்கு இது விருந்து. ஆனால் ஓதம் வற்றும் பொழுதில், விரிகுடாவின் நீரெல்லாம் அதே வாயில் வழியாகக் கடலை நோக்கி ஓடுகிறது. வலிய வற்றத்தின்போது அதன் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டரையும் கடக்கும்.

காற்று உள்ளே வருகிறது; நீர் வெளியே போகிறது. இரண்டும் மோதும் இடத்தில் அலைகள் செங்குத்தாக எழுகின்றன. நீரோட்டம் காற்றை எதிர்த்து ஓடுவதால், அதன்மேல் இருப்பவருக்குக் காற்றின் வலிமை கூடியதுபோலவே தோன்றும். அவர் மகிழ்ந்து சறுக்குவார். மாலையில் காற்று திடீரென்று தளர்ந்தால் பட்டம் நீரில் விழும். அந்த நொடி முதல் அவர் நீரோட்டத்தின் கையில் இருக்கிறார். கால்மணி நேரத்தில் 2 கிலோமீட்டர்! பாலத்தைக் கடந்தால் முன்னே பெருங்கடல். பெருங்கப்பல்கள் செல்லும் பாதையும் அதுவே. மூடுபனி இறங்குவதும் அங்கேதான். நீரின் குளிரோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியசு.

இத்தகைய நிலையில் ஒருவரைக் காப்பது எது? நீந்தும் வன்மையா? மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நீரை எதிர்த்து எந்த வீரராலும் நெடுநேரம் நீந்த முடியாது. அவருக்கு வேண்டியது நேரம். காப்புக் கருவிகள் அனைத்தும் நேரத்தைத் தேடித் தருபவை. வானொலி, அந்த நேரத்துக்குள் பிறரை அழைத்து வருவது. இதுவே இக்கட்டுரையின் சாரம்.

நொடிகளைத் தருவது

முதற் கருவி, பட்டத்திலிருந்து விடுபடும் அவிழ்ப்புக் கொக்கி. இஃது இரண்டு படியாக அமைந்தது. முதற் கொக்கியைத் தள்ளினால், பட்டம் ஒரே ஒரு கயிற்றில் தொங்கி விசையிழந்து விடும். ஆனால் நம்மைவிட்டுப் போகாது. அப்போதும் இழுத்தால், காப்புக் கயிற்றின் இரண்டாம் கொக்கியை அவிழ்க்க வேண்டும். பட்டம் முற்றிலும் அகன்று விடும். இக்கொக்கிகளின் தரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 21853 என்னும் உலகத் தர அளவு 2020 இல் வெளியாயிற்று.

கயிறு உடலில் சுற்றிக்கொண்டால் கொக்கி பயன்படாது. அதற்காகவே இடைக்கச்சையில் ஒரு கொக்கிக் கத்தி செருகியிருத்தல் வேண்டும். தலைக்கவசமும் இந்த வகையைச் சேர்ந்ததே. அறிவு நீங்கியவனால் எந்தக் கொக்கியையும் அவிழ்க்க இயலாது. கண்ணை மூடிக்கொண்டு, இடக்கையாலும் வலக்கையாலும் கொக்கியைத் தொட்டு அவிழ்க்கும் வரை கரையிலேயே பழக வேண்டும். ஆபத்து வரும்போது யோசிக்க நேரம் இராது. கை தானாகவே அங்குச் செல்ல வேண்டும்.

நிமிடங்களையும் மணிகளையும் தருவன

அடுத்தது மிதவைச் சட்டை. இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவு செய்ய வேண்டும். கடைகளில் விற்கும் பல சட்டைகள் அடிதாங்கிகள் மட்டுமே, விழும்போது விலாவைக் காக்கும், ஓரளவே மிதக்கும். மிதப்பதற்கென்றே தர அளவு பெற்ற சட்டைக்கு 50 நியூட்டன் மிதப்பு விசையேனும் உண்டு. அதாவது ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையைத் தாங்கும். அதுவும் அறிவோடு இருப்பவரைத்தான் மிதக்க வைக்கும். மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பும் என்று எண்ணிவிடக் கூடாது. வாங்கும்போது சட்டையின் உட்பக்கச் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

குளிர்நீரில் சட்டை மட்டும் போதாது. நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் கடுங்குளிர் நீரைப் பற்றி எளிய கணக்கு ஒன்று சொல்லுவார்: ஒன்று, பத்து, ஒன்று. மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம். குளிரால் நினைவு தப்புவதற்கு ஒரு மணி. நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆன உடை இந்தக் கணக்கை நீட்டித் தருகிறது. நடுவிலுள்ள பத்தைக் கவனியுங்கள். விரல் மரத்த பிறகு வானொலியின் பொத்தானை அழுத்த முடியாது. ஆகவே உதவி கேட்பதைத் தள்ளிப் போடலாகாது.

வீழ்ந்த பட்டமும் ஒரு காப்புக் கருவியே. கயிறுகளைப் பிடிகோலில் சுற்றிக்கொண்டு பட்டத்தை அடைந்தால் அது தெப்பமாகும், காற்றிருந்தால் பாயாகும், மேலிருந்து தேடுவோர் கண்ணுக்குக் கொடியாகும். கடலில் ஒரு தலை, தேங்காய் அளவே தெரியும். பல வண்ணப் பட்டமோ தொலைவிலும் தெரியும். ஆதலால், அது நம்மை ஆபத்தை நோக்கி இழுத்தாலொழிய, அதனை விட்டு நீங்கலாகாது.

குரலைக் கொண்டு செல்வது

"கைபேசி இருக்கிறதே, வானொலி எதற்கு?" என்று விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. கைபேசி ஒருவரை மட்டும் அழைக்கும். நனைந்த விரலுக்கு அதன் திரை பணியாது. கரையை விட்டு நீங்கினால் அலைவரிசை கிட்டாது. கடல் வானொலியோ சுற்றியுள்ள அனைவரையும் ஒருங்கே அழைக்கும். காவல் நிலையமும் கேட்கும். பக்கத்திலே செல்லும் மீன்பிடி படகும் கேட்கும். பெரும்பாலும் முதலில் வந்து சேர்பவர் அந்தப் படகுக்காரரே.

வி.எச்.எஃப். எனப்படும் இவ்வானொலியில் 16 ஆம் வழி, அதாவது 156.8 மெகா ஹெர்ட்சு, உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு உரியது. கையடக்கக் கருவியின் ஆற்றல் 5 அல்லது 6 வாட்டு. இது போதுமா? போதும்; தடை ஆற்றலில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. இவ்வலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியோ வளைந்தது. நீரிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள அலைவாங்கிக்கு அடிவானம் 2 கிலோமீட்டர் அளவே. நீரில் கிடக்கும் இருவர் 4 அல்லது 5 கிலோமீட்டருக்கு மேல் பேசிக்கொள்ள இயலாது. அதே குரலை, 400 மீட்டர் உயரக் குன்றின்மேல் உள்ள நிலையம் 80 கிலோமீட்டர் தொலைவிலும் கேட்கக் கூடும். எனவே பேசும்போது அலைவாங்கியை நிமிர்த்தி, இயன்றவரை உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

'மே டே' என்பது 'எனக்கு உதவுங்கள்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்த அழைப்பு. 1927 இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலி மாநாடு, குரல்வழி ஆபத்துக் குறியாக இதனை ஏற்றது. இதனை மும்முறை சொல்லி, நான்கு செய்திகளைத் தர வேண்டும்: நான் யார், எங்கே இருக்கிறேன், என்ன நேர்ந்தது, எத்தனை பேர். "பட்டச் சறுக்கர் ஒருவர், பாலத்துக்கு மேற்கே அரை மைலில், பட்டம் வீழ்ந்து கடலுக்குள் அடித்துச் செல்லப்படுகிறேன், நீல நிறப் பட்டம்" என்று சொன்னால் போதும். பிறகு பொத்தானிலிருந்து விரலை எடுத்து விடுங்கள். அழுத்திப் பிடித்திருக்கும் வரை நம் குரல் போகும், மறுமொழி வராது.

இடத்தைச் சொல்ல முடியாதவருக்காக வேறோர் ஏற்பாடும் உண்டு. எண்முறை அழைப்பு வசதி கொண்ட வானொலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், 70 ஆம் வழியாக, நமக்குரிய ஒன்பது இலக்க அடையாள எண்ணும் நாம் இருக்கும் இடமும் தாமே சென்று சேரும். அந்த எண்ணை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் எங்கே இருக்க வேண்டும்? உடலோடு, தோளருகே, கயிற்றால் கட்டப்பட்டு. 'நீரில் மிதக்கும் வானொலி' என்று விளம்பரம் செய்வர். நம்மை விட்டு அது தனியே மிதந்து போனால் யாருக்கு என்ன பயன்? ஊதல், சிறு கண்ணாடி, ஒளிவிளக்கு ஆகிய மூன்றும் உடன் இருக்கட்டும். மீட்புப் படகு அருகில் வந்த பின் நம்மைக் காட்டிக் கொடுப்பவை அவையே.

வானத்துக் காவல்

கரையே கேளாத தொலைவில் என்ன செய்வது? அமெரிக்கா, கனடா, பிரான்சு, சோவியத் யூனியன் ஆகிய நான்கு நாடுகள் தம் அரசியற் பகையைக் கடந்து கூடி அமைத்தது 'கோஸ்பாஸ்–சார்சாட்' என்னும் செயற்கைக்கோள் ஏற்பாடு. 1982 இல் அதன் முதற் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அவ்வாண்டே கனடாவில் வீழ்ந்த சிறு விமானத்தில் இருந்தோரை மீட்க உதவிற்று. கையடக்க ஆபத்து விளக்கம் ஒன்று 406 மெகா ஹெர்ட்சில் நம் அடையாளத்தை விண்ணுக்கு அனுப்பும். 24 மணி நேரமேனும் அது ஒலிபரப்பும். இந்தியாவும் இதில் பங்கு கொண்டுள்ளது; பெங்களூரில் இதன் கட்டுப்பாட்டு நிலையம் இயங்குகிறது.

நம் மீனவர்களுக்கென்றே இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் வழக்கில் இருக்கிறது. முதலில் வந்த கருவி அழைப்பை அனுப்பும். அழைப்பு சேர்ந்ததா என்று மீனவருக்குத் தெரியாது. 2024 இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவி, 'கேட்டோம்' என்று திரும்பச் சொல்கிறது. நடுக்கடலில் தத்தளிப்பவருக்கு அந்த ஒரு சொல் எத்தனை வலிமை தரும்!

சில எச்சரிக்கைகள்

கடல் வானொலியை நம் நாட்டில் உரிமம் பெற்றே பயன்படுத்தலாம். செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம்; அயல்நாட்டிலிருந்து வாங்கிவரும் நண்பர்கள் இதனை மறக்க வேண்டா. உரிமமுள்ள பயிற்சியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே நேர்வழி. இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. அதனைக் கரையில் இருக்கும் தோழர் அறிந்திருக்க வேண்டும். எப்போது திரும்புவோம் என்பதை அவரிடம் சொல்லாமல் நீரில் இறங்கக் கூடாது.

தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றை அறிந்தவர்கள் நம் முன்னோர். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றில் இறங்கலாகாது என்பதை அறிய எந்த மின்கருவியும் வேண்டா. காற்றின் திசை, ஓதத்தின் நேரம், தன் திறமையின் எல்லை ஆகிய மூன்றையும் கரையிலேயே எண்ணிப் பார்த்து, வேண்டாம் என்று திரும்புவது கோழைமை அன்று.

நம்மைத் தேடி ஒரு படகு புறப்படும்போது, அதில் வருபவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளையே. அவருடைய உயிரையும் சேர்த்தே நாம் பணயம் வைக்கிறோம். நண்பர்களே, துணிவு நமக்கு வேண்டும். அத்துணிவுக்கு மிதவைச் சட்டையும் வேண்டும். அதன் தோளில் ஒரு வானொலியும் வேண்டும்.