புற்றுநோய்ச் சிகிச்சையும் குழந்தைப்பேறும்: செவிலியரின் பணி

புற்றுநோய் என்று உறுதியான நாளில் நோயாளியின் மனத்திலும் குடும்பத்தாரின் மனத்திலும் உயிரைப் பற்றிய அச்சமே நிறைந்திருக்கும். பின்னாளில் குழந்தை பிறக்குமா என்ற கேள்வி அப்போது எழுவதில்லை. எழுந்தாலும், இந்த நேரத்தில் இதைக் கேட்பதா என்று பலர் அடக்கிக்கொள்கின்றனர். ஆயினும் அக்கேள்விக்கு மருத்துவம் நல்ல விடை தரக்கூடிய காலம், நோய் உறுதியான நாளுக்கும் முதல் கீமோ ஏற்றும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே. அந்நாட்களில் இப்பேச்சைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் செவிலியர்.

திருப்புல்லாணிப் பகுதியில் குழந்தைப்பேறு எத்துணைப் பெரிய செய்தி என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தசரதர் பிள்ளைவரம் வேண்டி வழிபட்ட தலமாகப் போற்றப்படும் ஆதிஜெகநாதப் பெருமாள் கோயிலுக்குத் தொலைவிலிருந்தும் தம்பதியர் வருகின்றனர். சேதுக்கரையில் நீராடி, நாகப் பிரதிஷ்டை செய்து, பால் பாயசப் பிரசாதம் பெற்றுச் செல்கின்றனர். இத்தகைய மண்ணில் மணமாகாத பெண்ணுக்குப் புற்றுநோய் என்றால், செய்தி வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். மணமான பெண்ணோ, மாமியார் அருகிலிருக்கையில் வாய் திறப்பதில்லை. இளைஞர்களின் கூச்சம் இவை எல்லாவற்றையும் விஞ்சியது.

பாதிப்பு எவ்வாறு நேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கீமோ மருந்துகள் விரைந்து பெருகும் செல்களைத் தாக்குபவை. அவற்றுள் சைக்ளோபாஸ்பமைடு போன்ற சில, சினைப்பையில் உள்ள கருமுட்டைகளையும் விந்தணு உற்பத்தியையும் மிகுதியாகக் குலைக்கின்றன. பெண்ணின் கருமுட்டை இருப்பு பிறவியிலேயே அமைந்தது. குறைந்தது மீண்டும் நிரம்புவதில்லை. இடுப்புப் பகுதிக்குத் தரப்படும் கதிர்வீச்சும், அதாவது மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் சிகிச்சையும், இதே சேதத்தை விளைவிக்கலாம். மருந்து, அளவு, வயது ஆகியவற்றைப் பொறுத்துப் பாதிப்பு மாறும். சிகிச்சைக்குப் பின் மாதவிடாய் திரும்பிவிட்டது என்பதை மட்டும் வைத்துக் கருத்தரிக்கும் திறன் முழுமையாக இருக்கிறது என்று கொள்ளக்கூடாது.

நோயாளி முதலில் வரும்போதே செவிலியர் மாதவிடாய் நாள், மணமான விவரம், குழந்தைகள் எத்தனை பேர் என்பவற்றைக் குறித்துக்கொள்கிறார். பிறகு உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, நோயாளியிடம் தனியே, 'பின்னால் குழந்தை வேண்டும் என்று எண்ணம் உண்டா?' என்று கேட்கிறார். இரண்டு குழந்தைகள் இருப்பவரிடமும் கேட்கிறார். விடையை அவருக்காக மற்றவர் முடிவு செய்யலாகாது. மருத்துவர்களாகிய எங்களிடம் 'ஒன்றுமில்லை சார்' என்று சொன்னவர்கள், ஊசி குத்தும் நேரத்தில் 'சிஸ்டர், ஒன்று கேட்கலாமா?' என்று தொடங்குவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். ஆகவே அவர் கேட்டுச் சொல்லும் விடைக்கேற்பவே கீமோ தொடங்கும் நாளை நாங்கள் வகுக்கிறோம்.

ஆண்களுக்கு வழி எளிது. முதல் கீமோவுக்கு முன் விந்தணுவை உறைநிலையில் சேமித்தால் போதும். இரண்டு மூன்று நாள் இடைவெளிக்குப் பின் தரும் ஓரிரு மாதிரிகளே பின்னாளில் பயன்படக்கூடும். எனினும் மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தை அடைய வேண்டும். இங்கிருந்து மதுரைக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம் வரை ஆகும். ஆகையால் வீட்டில் எடுத்து அனுப்புவது பயனற்றது, நேரில்தான் செல்ல வேண்டும். எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி பரிசோதனை முடிவுகளை உடன் கொண்டு செல்லுமாறு செவிலியர் முன்னதாகவே நினைவூட்டுகிறார். முடிவின்றிச் சென்று ஒரு நாளை இழப்பது இந்நிலையில் பெரிய இழப்பு.

பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தேவை. முன்பு மாதவிடாய் நாளுக்குக் காத்திருந்தனர். இன்று சுழற்சியின் எந்நாளிலும் ஊசியைத் தொடங்கலாம். மார்பகப் புற்றுநோய் என்றால் ஈஸ்ட்ரோஜன் உயராதிருக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேர்க்கப்படுகிறது. பத்துப் பன்னிரண்டு நாட்கள், நாள்தோறும் ஒரே நேரத்தில் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி போட வேண்டும். அதை நோயாளிக்கோ உடனிருப்பவருக்கோ கற்றுத் தருபவர் செவிலியர். இவற்றுள் பல மருந்துகள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். நம் கரையோர ஊர்களில் ஐஸுக்குக் குறைவில்லை. ஆனால் மீன்பெட்டியில் வைப்பதுபோல் ஐஸ்மீது நேரடியாக வைத்தால் மருந்து உறைந்து கெட்டுவிடும். துணியில் சுற்றித் தெர்மோகோல் பெட்டியில் கொண்டு செல்லுங்கள். இறுதி ஊசிக்கு 34 முதல் 36 மணி நேரத்துக்குப் பின் கருமுட்டை எடுக்கப்படும். எனவே அந்த ஊசி இரவு பத்து மணிக்கு என்றால் பத்து மணிக்கேதான். சில செவிலியர் நோயாளியின் கைப்பேசியில் தாமே அலாரம் வைத்துவிடுவர். வயிறு வேகமாக உப்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ எந்நேரமாயினும் அழைக்க வேண்டும்.

எல்லோருக்கும் இவ்வழி இயலாது. கடும் இரத்தப் புற்றுநோயில் சிகிச்சையைச் சில நாட்கள்கூடத் தள்ளிப்போட முடியாமல் போகலாம். அதை மறைக்காமல் சொல்வதும், கேட்டு அழுபவரின் அருகில் அமர்ந்திருப்பதும் செவிலியரின் பணியே. பருவமடையாத சிறுமியருக்குக் கருமுட்டை சேமிக்க இயலாது. சினைப்பைத் திசுவை எடுத்து உறையவைப்பதே வழி. அவ்வாறு சேமித்த திசுவை மீண்டும் பொருத்தி முதல் குழந்தை 2004-ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் பிறந்தது.

சோதனைக்குழாய்க் குழந்தை மருத்துவத்தின் தொடக்கத்திலேயே ஒரு செவிலியர் இருந்தார் என்பது பலர் அறியாதது. 1978-இல் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்குக் காரணமான மூவருள் ஒருவரான ஜீன் பர்டி, செவிலியராகப் பயிற்சி பெற்றவர். அக்கருவின் செல் பிரிவதை முதலில் கண்டவர் அவரே. 1985-இல் தம் 39-ஆம் வயதில் தோல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரை உலகம் நெடுங்காலம் உரியவாறு சொல்லவில்லை.

சட்டமும் அறியத்தக்கது. 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி எழுத்து வழி ஒப்புதல் இன்றியமையாதது. கருவைப் பத்து ஆண்டுகள் வரை சேமிக்கலாம். கணவன் விந்தணுவுடன் சேர்த்துக் கருவாக்கினால் பின்னர் இருவரின் சம்மதமும் தேவைப்படும். கருமுட்டையாகவே வைத்தால் முடிவு பெண்ணிடம் இருக்கும். கையொப்பமிடுமுன் இதைச் செவிலியரிடம் கேட்டுத் தெளியுங்கள். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சேமிப்புக் கட்டணத்தையும் அப்போதே கேளுங்கள்.

சிகிச்சை நடக்கும் காலத்தில் கருத்தடை அவசியம். மாதவிடாய் நின்றுவிட்டதென்று கவனமின்றி இருத்தல் ஆகாது. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை உண்பவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது. 2023-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் கண்ட 42 வயதுக்கு மேற்படாத பெண்கள், 18 முதல் 30 மாதங்கள் மாத்திரை உண்டபின் மருத்துவர் கண்காணிப்பில் இரண்டு ஆண்டுகள் வரை நிறுத்திக் கருத்தரித்தனர். அக்குறுகிய காலக் கண்காணிப்பில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்ட காலக் கண்காணிப்பு தொடர்கிறது.

முதல் கீமோ நாள் குறிக்கப்படும் முன், பகல்நேரச் சிகிச்சைப் பிரிவுச் செவிலியரிடம் இதுபற்றிப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். கடைசி மாதவிடாய் நாள், உண்ணும் மருந்துகளின் பட்டியல், திசுப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை எடுத்து வாருங்கள். தனியே பேச விரும்பினால் அதையும் சொல்லலாம். உடன் வந்தவர்களை வெளியே அமரச் சொல்லும் பொறுப்பைச் செவிலியர் ஏற்றுக்கொள்வார்.