சின்னக் கருப்பன் வைத்த தொலைவு

திருவண்ணாமலையின் விரூபாட்ச குகையில் ரமண மகரிஷி வாழ்ந்த நாள்களில், அம்மலைச் சரிவில் சின்னக் கருப்பன் என்றொரு நாய் திரிந்தது. மேனி முழுதும் கருமை. ஆள் வரக் கண்டால் புதரில் மறையும். ரமணர் அதைக் கூவி அழைக்கவில்லை. அது ஒதுங்கும் இடத்தருகே உணவை மட்டும் வைக்கச் செய்தார். ஒருநாள் அவர் பலரோடு நடந்துகொண்டிருக்க, அந்நாய் பாதைக்குக் குறுக்கே பாய்ந்து வந்து அவர்மேல் தாவிக் குலவியது. அத்தனை பேரில் தன்னை எவ்வாறு தேர்ந்தது என அவரே வியந்து சொல்லியிருக்கிறார்.

அருள் என்பார் அடியார். உடலியல் கற்றவர் கண்ணிலோ, உணவு வைத்த தொலைவே முதலில் படும்; அது அச்சத்தைக் கிளறாத தொலைவு.

அச்சம் எழுந்ததும் மூளையில் வாதுமைப் பருப்பின் வடிவுடைய சிறு பகுதி எச்சரிக்கிறது. சிறுநீரகங்களின் மேலமர்ந்த சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. நெஞ்சத் துடிப்பு விரைகிறது. பின்தொடரும் கார்ட்டிசால் எளிதில் தணிவதில்லை. கார்த்திகைத் தீப வெடிகள் ஓய்ந்தும் நாய் கட்டிலடியிலேயே கிடப்பது இதனால்தான். அதன் செவியோ 45,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை கேட்கும். நமது எல்லை 20,000.

இவ்வேளையில் தப்ப வழியின்றிச் சங்கிலியால் கட்டுவது பெரும்பிழை. 1967இல் உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும் அமெரிக்காவில் செய்த ஆய்வு கொடியது; இன்று எவரும் ஒப்பார். தப்ப வழியின்றி மின்னதிர்ச்சி பெற்ற நாய்களுள் பெரும்பாலானவை, பின்னர் வழியிருந்தும் தப்ப முயலாது கிடந்தன. அசையாமை அமைதியன்று. உறக்கமில்லாக் கொட்டாவி, உதட்டை நக்குதல், வெண்விழி தெரியும் கடைப்பார்வை ஆகியவற்றை நோக்கினால் உண்மை புலப்படும்.

தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்பதும் வெறும் பேச்சே. அச்சம் உணர்ச்சி, பரிசு பெறக் கற்ற வித்தையன்று. தானே வந்து ஒண்டும் நாயைத் தாராளமாகத் தடவலாம்.

மருந்து, பழக்கத்தில் இருக்கிறது. வெடியோசையின் பதிவை, நாய் செவியை மட்டும் நிமிர்த்தும் அளவு தாழ்த்தி ஒலிக்கவிட்டு, ஓசை எழுந்தவுடன் விருப்பமான தின்பண்டம் தருக. உண்ண மறுத்தால் ஓசை மிகுந்துவிட்டது என்று பொருள், இன்னும் தாழ்த்துக. வாரங்கள் பல செல்லும். தீபத்துக்கு முந்தைய நாள் தொடங்கிப் பயனில்லை.

தீப நாளன்று, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மனிதத் திரளால் நிரம்புகையில், தெருக்கதவை அடைத்து உள்ளறைக் கதவைத் திறந்து வையுங்கள். மூலையில் பழஞ்சாக்கு ஒன்று. அருகில் நீர். நாய் அங்குப் புகுந்தால் இழுக்காதீர்கள். நீங்கள் கூப்பிடு தொலைவில் அமர்ந்திருந்தால் போதும்.